நன்றிப் பட்டியலில் ஒரு நாயின் பெயர்

அக்கா,

நேற்று காலை இங்கே மில்பிடாஸில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கிராம்பு வாசனை முகத்தில் வந்து மோதியது. கடைவாய்ப் பல் இரண்டு நாளாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த நொடியில் எனக்குப் பல் ஞாபகமே இல்லை. ஆஸ்டின் அபார்ட்மென்ட்டின் லாண்டரி அறையில், கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு படுக்கை விரிப்பை மடிக்கிற நீங்கள்தான் எதிரே வந்து நின்றீர்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என்னை நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, வாயைத் திறக்க வைத்திருந்தபோது கூரையிலிருந்த ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. முதலில் தட், தட் என்று அந்தச் சத்தம். பிறகு வார்த்தை இல்லாத உங்கள் ஹம்மிங். அதற்கப்புறம்தான் கிட்டாரும் மாடி வீட்டுத் தாடிக்காரரின் கரகரப்பும். பாட்டு வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் உங்கள் குரல் காதில் விழுந்தால் எனக்குப் பயம்தான். யாரோ பார்த்துவிட்டார்கள், யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கையை எடுத்துவிட்டு வலிக்கிறதா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்.

உதவிக்கு நின்ற பெண் பாட்டோடு சேர்ந்து முனகினாள். இந்த ஹம்மிங் ஏதோ பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுத்ததாம், பாடிய பாட்டி செத்து ஐம்பது வருடமாம், எங்கேயோ படித்தாளாம். முப்பத்தாறு வயதில் போன உங்களைப் பாட்டியாக்கிவிட்டார்கள். எனக்கு வாய் மரத்திருந்தது. மரக்காமல் இருந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

ஆனால் உங்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் ஆஸ்டினிலிருந்து போன் பண்ணினார். நலம் விசாரித்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, உன்கிட்ட அவ பாடுன கேசட் ஏதாவது இருக்கா? பிள்ள கேக்கா. அம்மா பாடுவாளான்னு கேக்கா. வீட்டுல தேடிட்டேன். வீடியோல எல்லாம் பேசத்தான் செய்யிதா. சர்ச் கேசட்ல கூட்டத்தோட கூட்டமா இருக்கு, இன்ன குரல்னு பிரிக்க முடியல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேடிப் பாக்கறேனுங்ணா" என்றேன். அமெரிக்கா பூராவும் பெட்ரோல் பங்க்கிலும் மளிகைக் கடையிலும் பல் டாக்டர் கிளினிக் கூரையிலும் பாடிக்கொண்டிருக்கிற குரலை, தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

நாம் இருவரும் அந்த அபார்ட்மென்ட்டுக்கு வந்தது தொண்ணூற்றாறில். உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே கன்சல்ட்டிங் கம்பெனி, ஒரே வக்கீல். கிரீன் கார்டுக்கு இரண்டு பேர் ஃபைலும் ஒரே கட்டாகத்தான் போனது. நாம் இரண்டு பேரும் எச்-ஃபோர், வேலைக்கு வந்தவரின் மனைவிக்குக் கிடைக்கிற விசா. வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த விசாவில் எனக்குப் புரிந்த ஒரே வாசகம். பாஸ்போர்ட்டைத் திறந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். நீங்கள் அப்படியில்லை. நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். இங்கே வந்தும் சும்மா இருக்கத் தெரியவில்லை. மாதம் ஒரு ஞாயிறு சர்ச்சில் தமிழ்ச் சபை கூடும்போது நீங்கள்தான் முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பீர்கள். நான் கோயம்புத்தூர்க்காரி, சாமி படத்துக்கு விளக்கேற்றுகிறவள். உங்கள் குரலுக்காகவே இரண்டு முறை உங்களோடு சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நம் துணி நேரம். கணவர்கள் ஆபீஸ் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், லாண்டரி அறை நமக்கே நமக்கென்று இருக்கும். நாலு பக்கமும் டைல்ஸ் பதித்த அறை, முனகினால்கூட கோயில் பிராகாரம் மாதிரி எதிரொலிக்கும். ஊரிலிருந்து உங்கள் அம்மா அனுப்பிய மாறாமலைக் கிராம்பு ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் உங்கள் பையில் இருக்கும். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வீர்கள். "தொண்டைக்கு நல்லது பிள்ளே, நீயும் போடு" என்று எனக்கும் நீட்டுவீர்கள். எனக்கு நாக்கு எரியும்.

அன்றைக்கு டிரையரில் என் வீட்டுக்காரரின் ஜீன்ஸ் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பித்தளைப் பட்டன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை உள்சுவரில் தட்டியது. நீங்கள் அந்தத் தட்டலைத் தாளமாக வைத்துக்கொண்டு எதையோ முனக ஆரம்பித்தீர்கள். அது சபைப் பாமாலையும் இல்லை, சினிமாவும் இல்லை. விரிப்பின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனை உங்கள் கையில். மடித்து மடித்து நாம் கிட்டே வரும்போது சுரம் இறங்கும், விரித்து விலகும்போது ஏறும். இதுதான் அக்கா, உலகமே கேட்ட அந்த மெட்டு பிறந்த கதை. இரண்டு பெண்கள் போர்வை மடித்த கதை.

வாசலில் துணிக்கூடையோடு தாடிக்காரர் நின்றிருந்தார். மாடியில் குடியிருப்பவர், தொப்பியும் பூட்ஸுமாகப் போவார் வருவார், பெயர் தெரியாததால் நாம் வைத்த பெயர் தாடிக்காரர். அவர் ஒரு கன்ட்ரி ராக் கோஷ்டியின் தலைவர் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினைந்து வருடமாகக் கிட்டாரும் ஃபிடிலுமாக டெக்ஸஸில் பாருக்குப் பார், திருவிழாவுக்குத் திருவிழா வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அவரிடம் பாதியில் நின்றுபோன பாட்டு ஒன்று இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பிப் போனவள் ஒருத்தியைப் பற்றியது. இரண்டு வருடமாகத் தொடக்கம் கிடைக்காமல் திணறுகிறாராம். இப்போது பாடியதை இன்னொரு தடவை பாட முடியுமா என்று உங்களிடம் கேட்டார். கேட்டுவிட்டு மேலே ஓடிப்போய் ஒரு ரெக்கார்டரை எடுத்து வந்தார்.

நான் உங்கள் முந்தானையை இழுத்தேன். "வேண்டாங்க்கா, வாங்க போலாம்."

"எதுக்குட்டி பயப்படுதே? பாட்டுத்தானே பாடச் சொல்லுதாரு, பாங்க்கையா கொள்ளையடிக்கச் சொன்னாரு?" என்றீர்கள். டிரையரை மறுபடி ஓடவிடச் சொன்னீர்கள். ஜீன்ஸ் காய்ந்து முறுகிப்போயிருந்தது. இருந்தாலும் போட்டேன். அந்தத் தாளத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரர் டிரம் மெஷினின் அதிசயம் என்று எழுதினாராம். என் வீட்டுக்காரரின் கால்சட்டைப் பட்டன் அது.

மூன்று மாதம் கழித்துத் தாடிக்காரர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் அங்கேதான் இருந்தேன், கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாட்டு முடிந்துவிட்டது, ஆல்பம் வரப்போகிறது, ஒரு காகிதத்தில் கையெழுத்து வேண்டும் என்றார். சம்பளம் என்று ஏதோ ஆரம்பித்ததும் நீங்கள் கையை ஆட்டி அதையெல்லாம் பேசக் கூடாது என்றுவிட்டீர்கள், விசா அனுமதிக்காது என்று. அவர் தலையைச் சொறிந்தார். அப்படியானால் பெயரையாவது போடுகிறேன், அட்டையில் குரல் என்று போட்டு உங்கள் பெயர் வரட்டும் என்றார்.

உங்கள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னீர்கள், நம்மூர்க்காரர்கள் போனில் அமெரிக்கர்களுக்குச் சொல்வது போல, இன்ன எழுத்து ஆப்பிளில் வருவது, இன்ன எழுத்து மேரியில் வருவது என்று. அவர் எழுதியதைத் திருப்பி வாங்கிச் சரி பார்த்தீர்கள். அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நம்ம பேரு அச்சுல வரப்போவுது" என்றீர்கள். உங்கள் பெயர் என்று சொல்லவில்லை. நம்ம பேரு என்றீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஆல்பம் கையில் வந்த பிறகுதான் சொல்வேன் என்றீர்கள். "முன்னாடியே சொன்னா அவிய ஆபீஸ் பூரா சொல்லிருவாவ. கையில குடுத்து, வாசிச்சுப் பாருங்கன்னு சொல்லணும்."

அந்த ஞாயிறு அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில், ஆளுக்கொரு பண்டம் கொண்டு வந்து சாப்பிடுகிற பாட்லக். கிரீன் கார்டு அங்கிள் வந்திருந்தார். நினைவிருக்கிறதா அவரை? எல்லா விசாக் கதையும் அவரிடம் இருக்கும், ஒவ்வொன்றும் நாடு கடத்தலில்தான் முடியும். தயிர்சாதத் தட்டோடு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். "அங்கிள், எச்-ஃபோர்ல இருக்கறவங்க சும்மா ஹெல்ப் பண்ணி, பேர் மட்டும் எங்கயாவது வந்தா?"

அவர் ஊறுகாயை நக்கிவிட்டுச் சொன்னார். "பேரு வந்தாப் போச்சும்மா. ப்ரூஃப் ஆயிடும்ல? ஹூஸ்டன்ல ஒரு பொண்ணு, சும்மா பக்கத்து வீட்டுக் குழந்தைய பாத்துக்கிட்டா. அவ்வளவுதான். ஹஸ்பண்டோட பேப்பர் மட்டுமில்ல, அந்த கம்பெனில இருந்த அத்தனை பேர் ஃபைலையும் தோண்டி எடுத்துட்டான்."

அத்தனை பேர் ஃபைலையும். அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தபால்காரர் வந்தால் பயம். கதவை யாராவது தட்டினால் பயம். என் மகனை நர்சரியில் விட்டு வரும்போது, இவனை இழுத்துக்கொண்டு எந்த ஏர்போர்ட்டில் நிற்கப் போகிறோமோ என்று அழுதேன். ஊரில் என் மாமனார் கடையை விற்றுத்தான் எங்களை அனுப்பியிருந்தார். திரும்பிப் போய் நிற்க இடம் கிடையாது. உங்களிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "அந்த ஆளு சொல்லுததையெல்லாம் கேட்டா மூச்சு விடக்கூட ஃபார்ம் போடணும்."

இதோ, இதுதான் அக்கா. இத்தனை பக்கம் சுற்றி வளைத்து வந்த இடம் இதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தலைவலி என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு, துணி எடுத்துக்கொண்டு நீங்கள் கீழே போன பிறகு, நான் மாடியேறித் தாடிக்காரரின் கதவைத் தட்டினேன். அந்தப் பெயரைப் போட வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அவங்களுக்கு அதில் நிச்சயமா என்று கேட்டார். அவங்களே சொல்லச் சொன்னாங்க, நேரில் சொல்ல அவங்களுக்குக் கூச்சமா இருக்கு, இதைப் பற்றி இனிமேல் அவங்ககிட்டப் பேச வேண்டாம் என்றேன். இத்தனை இங்கிலீஷ் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. அவர் மரியாதைக்காரர். அப்படியே ஆகட்டும் என்று தலையசைத்தார். இரண்டாவது வாரம் கோஷ்டியோடு ஊர் ஊராகக் கிளம்பிப் போய்விட்டார், வீட்டையும் காலி பண்ணிவிட்டார்.

எடுக்கச் சொன்னது நான்தான். உங்களுக்கு மோசம் பண்ணியது அந்த மனிதர் இல்லை, நான்.

ஆல்பம் வந்த அன்று மாலில் வாங்கி, கார் நிறுத்துமிடத்தில் நின்றே பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழித்தீர்கள். அட்டையை விரித்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தீர்கள். வாசித்தவர்கள், மைக் வைத்தவர்கள், படம் எடுத்தவர்கள். பிறகு பொடி எழுத்தில் நன்றிப் பட்டியல். காபி வாங்கி வந்தவர், வேன் ஓட்டியவர். கடைசியில் தாடிக்காரரின் நாய். மறுபடி முதலிலிருந்து வாசித்தீர்கள். நான் ஷாப்பிங் கார்ட்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாய்க்குக்கூட பேரு இருக்கு பாரு பிள்ளே" என்றீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "ஒரு விதத்துல நல்லதுதானுங்க்கா. பயமில்லாம இருக்கலாம்." நீங்கள் அட்டையைப் பழையபடி மடித்தீர்கள், போர்வை மடிப்பது மாதிரி ஓரம் சேர்த்து. "ஆமா. அவனுக்கு நான் யாரோதானே" என்றீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்த டிஸ்க்கை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தீர்கள்.

ஆறு மாதம் அந்தப் பாட்டை யாரும் சீண்டவில்லை. பிறகு ஏதோ ஒரு பாப் ஸ்டேஷன்காரர் போட்டார். அவ்வளவுதான், காட்டுத்தீதான். கன்ட்ரி ராக் கோஷ்டியின் பாட்டு பாப் வரிசையில் முதலிடம் பிடித்து வாரக்கணக்கில் இறங்கவேயில்லை. அவர்களுடைய பழைய ரசிகர்கள் காசுக்குச் சோரம் போய்விட்டார்கள் என்று திட்டினார்களாம். எங்கே போனாலும் உங்கள் குரல். எல்லோருக்கும் ஒரே கேள்வி, முனகுவது யார் என்று. ரேடியோவில் போட்டியே வைத்தார்கள். யாரோ மெக்ஸிகோக்காரி என்றார்கள், யாரோ கம்ப்யூட்டர் என்றார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. என் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுக்கும் ஊட்டினேன். சிரித்துக்கொண்டிருந்த உங்களை நான்தான் பயப்படப் பழக்கினேன். "சபையில பாடாதீங்க்கா. யாராவது குரல அடையாளம் கண்டுபிடிச்சா? இன்டர்வியூ வர்ற வரைக்கும் பொறுங்க்கா." முதலில் முறைத்தீர்கள். பிறகு தொண்டை சரியில்லை என்று சபையில் சொன்னீர்கள். பிறகு லாண்டரி அறையிலும் முனகுவதை நிறுத்தினீர்கள். கிராம்பு டப்பா மட்டும் பையிலேயே கிடந்தது.

உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பாட்டு உயிர். நாம் எல்லோரும் ஒரே காரில் போகும்போது சத்தத்தைக் கூட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். "என்னா குரல்லா! தேன் மாதிரி!" என்பார். நீங்கள் கை நீட்டி அணைப்பீர்கள். "தலைவலி" என்பீர்கள். அவர் திரும்பக் கூட்டுவார், நீங்கள் திரும்ப அணைப்பீர்கள். பின் சீட்டில் நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சான் அன்டோனியோவில் கிரீன் கார்டுக்குக் கைரேகை எடுக்கப் போன நாளை மறக்கவே முடியாது. நாலு பேரும் போனோம். உங்களுக்குப் பின்னால் நான் நின்றேன். ஆபீசர் உங்கள் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் உருட்டி அட்டையில் அழுத்திக்கொண்டிருந்தார். மேஜையில் ஒரு சின்ன ரேடியோ. நம் பாட்டு வந்தது. அந்த மனிதர் உங்கள் விரலைப் பிடித்தபடியே உங்கள் மெட்டை உங்கள் முகத்துக்கு நேரே முனகினார். உங்கள் கை நடுங்கி ரேகை கலைந்துபோயிற்று. ரிலாக்ஸ் மேடம் என்று வேறு அட்டை எடுத்தார். அதுவும் கலைந்தது. மூன்றாவது அட்டையில்தான் பதிந்தது. எனக்கு வேர்த்துச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து கை கழுவும்போது மை போகிறவரை தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். "அவனுக்குத் தெரிஞ்சிருக்குமாட்டி?" என்று கேட்டீர்கள். ஒரு காலத்தில் என் பயத்தைப் பார்த்துச் சிரித்த அதே வாய். அதை நான் எப்படி மறப்பேன்?

பிறகு நாங்கள் கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டோம். தொண்ணூற்றொன்பதில் எல்லோருக்கும் கார்டு வந்தது. அன்றைக்கு நீங்கள் போன் பண்ணினீர்கள். குரலில் பழைய சிரிப்பு. "கார்டு கையில இருக்கு. இப்பப் பாடலாமா பிள்ளே?"

என்னைக் கேட்டீர்கள். உங்கள் தொண்டையில் பாட என்னிடம் அனுமதி கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமல்லவா. "சிட்டிசன்ஷிப் வரட்டுமுங்க்கா. அஞ்சே வருஷம். எதுக்கு ரிஸ்க்?"

"சரி, அதும் சரிதான்" என்றீர்கள்.

அஞ்சு வருடம் உங்களுக்கு எங்கே இருந்தது? இரண்டாவது வருடமே வயிற்றில் கட்டி என்றார்கள். மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஜனவரியில் உங்களைப் பார்க்க வந்தபோது, சொல்லிவிட வேண்டும் என்று விமானத்தில் வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கையளவு ஆகியிருந்தீர்கள். என்னைக் கண்டதும் முதலில் சொன்னது அதுதான். "அந்தத் தாடிக்காரன் நல்லா இருக்கட்டும். என் பேர மறந்துட்டான், ஆனா மெட்ட மாத்தாமப் போட்டான் பாரு." அவரை மன்னித்துவிட்டீர்கள், செய்யாத தப்புக்கு. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். வாய் வரவில்லை. சாகக் கிடக்கிறவரின் கோபத்துக்குக்கூடப் பயந்தவள் நான். வெட்கமாக இருக்கிறது அக்கா.

ஏப்ரலில் என் வீட்டுக்காரர் வேறு விஷயமாக ஒரு வக்கீல் அம்மாளைப் பார்க்கப் போனபோது நானும் போனேன். வரும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார். சம்பளம் வாங்காமல் துணி மடிக்கிற இடத்தில் முனகியதற்காக, நன்றிப் பட்டியலில் பெயர் வந்ததற்காக, யாரும் யாரையும் அனுப்பியதாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார். காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் வக்கீல் என்ன சொன்னார் என்று பதறிப்போனார்.

நேற்று பல் டாக்டரிடமிருந்து திரும்பும்போது முடிவு பண்ணினேன். இன்று விடிகாலை, அங்கே அவர்கள் பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று கிளம்புவதற்குள் ஆஸ்டினுக்குப் போன் பண்ணினேன். எண்ணை அழுத்தவே மூன்று தடவை ஆயிற்று. உங்கள் வீட்டுக்காரர் எடுத்தார்.

"அண்ணா, அக்கா பாடுன பாட்டு இருக்குதுங்ணா. உங்க வீட்டுலயே இருக்குது. அரிசி டிரம்முக்குப் பின்னால பாருங்க" என்றேன்.

பிறகு எல்லாம் சொன்னேன். லாண்டரி அறையிலிருந்து ஆரம்பித்து, மாடியேறிக் கதவைத் தட்டியது வரை. எதையும் விடவில்லை. போனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. அரிசி டிரம் நகர்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, தட், தட். பிறகு நீங்கள்.

பாட்டு முழுக்க ஓடி முடிந்தது. அவர் போனை எடுத்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் கூட்டக் கூட்ட அவ அணைச்சாளே. அது பயத்துலயா?"

"ஆமாங்ணா. நான் காட்டுன பயம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன் கை மாறியது. உங்கள் மகள். எட்டு வயதாகிவிட்டது. நாம் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான்.

"ஆன்ட்டி, இஸ் தட் ரியலி அம்மா?"

"ஆமா கண்ணு. அம்மாதான்."

காகிதம் விரிக்கிற சத்தம். அட்டையை எடுத்துவிட்டாள். முணுமுணுவென்று வாசிக்கிறாள். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"வேர் இஸ் ஹெர் நேம்? தேர்ஸ் ஈவன் எ டாக்."

"அது... நான்தான் எடுக்கச் சொன்னேன் கண்ணு."

"ஒய்?"

"பயமா இருந்துச்சு."

"ஆஃப் வாட்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை அக்கா. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். நான் யோசித்தேன். தபால்காரரா? கைரேகை எடுத்தவரா? ஊறுகாய் நக்கிய அங்கிளா? சாகும்வரை உங்கள் வாயைக் கட்டிப்போட்ட அந்தப் பயத்துக்கு ஒரு முகமோ ஒரு பெயரோ என்னால் சொல்ல முடியவில்லை. தெரியலை கண்ணு என்றேன்.

அவள் பேனா தேடினாள். நாய்க்குக் கீழே இடமிருக்கிறது என்றாள். எழுதிக்கொண்டே உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக எனக்கு வாசித்துக் காட்டினாள், சரிதானா என்று. அன்றைக்கு நீங்கள் தாடிக்காரருக்குச் சொன்னது போலவே. சரி கண்ணு, சரி கண்ணு என்று ஒவ்வொரு எழுத்துக்கும் சொன்னேன். அண்ணா திரும்பப் போனுக்கு வரவில்லை. இனி வருவாரா என்றும் தெரியாது.

தாடிக்காரருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி, அடுத்த தடவை அச்சடிக்கும்போது பெயரைப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. நாளைக்குப் போட்டுவிடுவேன்.

இன்று மத்தியானம் மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப் போனபோது காரில் பாட்டு வந்தது. வழக்கம்போல என் கை ரேடியோவை அணைக்கப் போயிற்று. பாதி வழியில் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் திறந்திருந்தது. சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும். நீங்கள் முழுக்கப் பாடி முடிக்கும்வரை நான் அணைக்கவில்லை அக்கா.